மொச்சைக் குழம்பில் மிதந்த கறுப்புத் துண்டு

மாப்பிள்ளை,

போன செவ்வாய்க்கிழமை காலையில் மளிகைக் கடையிலிருந்து வாங்கி வந்த ஒரு சின்னப் பாக்கெட்டைப் பிரித்தேன். பிரித்ததுதான் தாமதம், நீ வந்து அடுப்படியில் நின்றாய். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் தூக்குவாளியோடு, சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பை நான் பதினெட்டு வருஷமாகச் சந்தேகப்பட்டு வந்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆமாம், நானே எழுதுகிறேன். நீ நம்பமாட்டாய். போன வருஷம் நம் வார்டுப் பள்ளிக்கூடத்தில் சாயந்தர வகுப்பு ஆரம்பித்தார்கள். மில்லில் சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்த இந்தக் கட்டைவிரல் இப்போது பேனா பிடிக்கிறது. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆகட்டும். எழுதி முடித்த வரியைத் திரும்பப் படித்தால் நான் நினைத்ததே அங்கே இருக்கிறது. அதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்தை எழுத எனக்கு இன்னும் சொல் சொல்லிக்கொடுக்கவில்லை.

இங்கே நிலைமை என்னவென்றால், என் வீட்டுக்காரி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டு. ஆகவே சமையல் என் தலையில் விழுந்தது. அவள் அடுப்படி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அதிகாரம் பண்ணுகிறாள். எங்கள் இருவருக்கும் சர்க்கரை. கறியைக் குறைத்துப் பயறு வகைகளைச் சேர்க்கச் சொன்னார் டாக்டர். குறைப்பது என்ன, என் வீட்டுக்காரி ஒரேயடியாக நிறுத்திவிட்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, வீட்டுக்குள் கறி வந்து. திங்கள் தட்டைப்பயறு, செவ்வாய் மொச்சை, புதன் கொள்ளு என்று போகிறது பிழைப்பு.

அன்றைக்கு மொச்சை. அவள் சொல்லச் சொல்ல மளிகைச் சீட்டை நான் எழுதினேன். என் கையால் எழுதிய முதல் சீட்டு. எட்டாவதாக 'கல்பாசி' என்றாள். அது என்ன என்று எனக்குத் தெரியாது. கேட்டால் இளக்காரமாகப் பேசுவாள் என்று கேட்காமல் எழுதிக்கொண்டேன்.

கடையில் நான் எதையும் சும்மா வாங்குவதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டையும் எடுத்து முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் படிப்பேன். கடைக்காரருக்கு அது பிடிப்பதில்லை.

"பெருசு, வாங்க வந்தீகளா, படிக்க வந்தீகளா?"

"ரெண்டுக்குந்தான். இதுல துவரம்பருப்புன்னு போட்டிருக்கு. உள்ள இருக்கிறதும் அதுதானா?"

"வேற என்ன இருக்கும்? தங்கமா?"

அவருக்கு என்ன தெரியும். படிக்கத் தெரியாதவன் எல்லாரையும் சந்தேகப்பட்டே வாழவேண்டியிருக்கிறது. பழனி வண்டி என்று ஒருவன் சொன்னால் ஏறவேண்டும். அவன் பொய் சொன்னால் இறங்குகிற இடம் வேறு. எழுத்துத் தெரிந்துவிட்டால் சந்தேகம் போய்விடும் என்று நினைத்தேன். இப்போது எழுத்தையும் சேர்த்துச் சந்தேகப்படுகிறேன்.

வீட்டுக்கு வந்து அந்த எட்டாவது பாக்கெட்டைப் பிரித்தேன். குப்பென்று கறி வாசம்.

"இந்தா, இதைச் செத்த மோந்து பாரு" என்று அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். "கறி வெட்டுன கையோட கட்டியிருக்கானுக. திருப்பிக் குடுத்துட்டு வாரேன்."

அவள் முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏங்க, கல்பாசி வாசமே அதுதான. நம்ம வீட்டுக் கறிக்குழம்புக்கு இத்தன வருசமா இதைத்தான வறுத்து அரைச்சுப் போடுறேன். நீங்க கறி வாசம்னு நினைச்சுக்கிட்டு இருந்ததே இதுதான் போல."

"மொச்சைக்கு எதுக்கு இது?"

"மொச்சைக்குப் போட்டா கறிக்குழம்பு தோத்துப்போகும்."

"சரி, இது என்னது? இலையா, பட்டையா?"

"பாசிங்க. பாறையில, மரத்துல எல்லாம் படர்ந்து கிடக்கும். மலையில இருந்து வருது."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், மாப்பிள்ளை. அது உன் வார்த்தை. ஒரு எழுத்து மாறாமல் உன் வார்த்தை.

இதற்கு மேல் எழுத நேற்று முடியவில்லை. இன்று வியாழக்கிழமை.

உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பங்குனி மாதம். நாம் இரண்டு பேரும் வேடசந்தூர்ப் பக்கத்து மில்லுக்கு ஒரே பஸ்ஸில் போய்வந்த காலம். உனக்குத் தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் உன் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. நான் உத்திரத்துக்குப் பழனிக்கு நடப்பதாக வேண்டிக்கொண்டு மாலை போட்டிருந்தேன். என் மகள் திருப்பூரில் நிறைமாதம். ரத்தக் கொதிப்பு ஏறிப் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். தாயா பிள்ளையா என்கிற மாதிரி டாக்டர் பேசினார். என் வீட்டுக்காரி அங்கே போய்விட்டாள். நான் இங்கே தனியாக, கழுத்தில் மாலையோடு, வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதவனாக.

நீதான் வந்து சொன்னாய். "ஏலே மாப்ளே, உனக்கும் கவுச்சி ஆகாது, எனக்கும் ஆகாது. ரெண்டு விரதத்துக்கும் ஒரே அடுப்பு போதும். காலையில எம் பொண்டாட்டி பள்ளிக்கூடத்துக்கு ஆயா வேலைக்குப் போயிருவா. நாந்தான பொங்குறேன். உனக்கும் சேத்துப் பொங்குறேன்."

அந்த மூன்று வாரம் நான் சாப்பிட்ட மாதிரி அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் இல்லை. தட்டைப்பயறும் கத்திரிக்காயும் போட்ட புளிக்குழம்பு. கொள்ளை வேகவைத்து, அந்தத் தண்ணீரில் ரசம், அந்தக் கொள்ளிலேயே துவையல். முளைகட்டிய பச்சைப்பயறில் தேங்காய் துருவிப் போட்டது. முருங்கைக் கீரையும் பாசிப்பருப்பும். தூக்குவாளியை உன் வீட்டம்மாவின் பழைய சுங்குடிச் சேலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவருவாய். மில் சாப்பாட்டுக் கொட்டகையில் நாம் அந்தத் துணியை விரிக்கும்போதே பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்ப்பான். "இன்னைக்கு என்னப்பா வெஞ்சனம்?" என்பான்.

ஆனால் மூன்றாவது வாரத்து ஞாயிற்றுக்கிழமை நான் ஒன்றைப் பார்த்தேன். நீ பேகம்பூரிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தாய். ஹேண்டில்பாரில் ஒரு கறுப்புக் கவர் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்டுக்கல்லில் கறுப்புக் கவரில் என்ன வரும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். என்னைப் பார்த்ததும் பெல் அடித்துவிட்டு நிற்காமல் போனாய். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் நீ மொச்சைக் குழம்பு கொண்டுவந்தாய். மூடியைத் திறந்ததும் ஆட்டுக்கறிக் குழம்பு வாசம். சந்தேகமே இல்லை. என் நாக்கில் தண்ணீர் ஊறியது, அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. முதல் கவளம் வாயில் வைத்தேன். நாற்பது வருஷமாகத் தின்ற கறியின் ருசி. இரண்டாவது கவளத்தில் குழம்பின் மேல் ஒன்று மிதந்தது. கறுப்பாக, ஓரம் சுருண்டு, தொட்டால் வழுவழுவென்று. ஆட்டுக்குடல் கழுவும்போது உரிந்து வருமே, அந்தத் தோல் மாதிரி. அதை விரலில் எடுத்து உன் கண்ணுக்கு நேரே நீட்டினேன்.

"ஏலே, இது என்ன?"

"அதுவா? பாசி."

"பாசியா?"

"ஆமா மாப்ளே. பாறையில வளருறது. மலையில இருந்து வருது. ருசிக்குப் போட்டேன்" என்று சொல்லிவிட்டு நீ சிரித்தாய்.

நீ சிரிக்காமல் இருந்திருந்தால் நான் நம்பியிருப்பேனோ என்னவோ. பாறையில் வளர்கிற பாசியை நான் சிறுமலை ஓடையில் பார்த்திருக்கிறேன். அதில் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்திருக்கிறேன். அதைச் சுரண்டிக் குழம்பில் போடுவார்கள் என்று யாராவது சொன்னால் எப்படி நம்புவது?

"பாசியப் போட்டு எவன்டா குழம்பு வப்பான்? நேத்து கறுப்புக் கவரோட போனியே, அது என்ன? மாலை போட்டவனுக்கு எலும்புத் தண்ணிய ஊத்திக் குடுத்துட்டுச் சிரிக்கிறியா?"

கொட்டகையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் சிரிப்பு நின்றது. "எனக்கும் தவக்காலம்டா. நானும் இதைத்தான திங்கிறேன்" என்றாய்.

"உன் தவக்காலத்தை எவன் கண்டான்!" என்றேன் நான்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் மில்லுக்குப் பின்னால் கொட்டினேன். அங்கே ஒரு செவலை நாய் திரியும், எலும்புக்கு உயிரை விடும். அது ஓடிவந்து முகர்ந்து பார்த்தது. இரண்டு சுற்று சுற்றியது. தின்னாமல் போய்விட்டது. அதையும் என் கண்ணால் பார்த்தேன், மாப்பிள்ளை. பார்த்துவிட்டு, நாய்க்கு வயிறு நிறைந்திருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

அன்று சாயந்தரம் பஸ்ஸில் நீ என் பக்கத்தில் உட்காரவில்லை. இறங்கும்போது மட்டும் சொன்னாய். "மொச்சைய ஊறப்போட்டாத்தான் முளைக்கும். உன் சந்தேகம் காஞ்ச தரையிலயே முளைக்குது." அதற்குப் பிறகு நாம் பேசியது எல்லாம் மழை வருமா, பஸ் போய்விட்டதா, இவ்வளவுதான்.

அடுத்து நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. விரதம் முறிந்தவன் மலை ஏறினால் என் மகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். நடக்காமல் இருந்தாலும் பயம். அதனால் எல்லோரோடும் நடந்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டிக் கால் கொப்புளித்தது. பழனி அடிவாரம் வரைக்கும் போய், முதல் படிக்கு முன்னால் நின்றுவிட்டேன். கூட வந்தவர்கள் ஏறினார்கள். நான் கீழே நின்று மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். கடையில் பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். திருப்பூருக்குப் போய் அந்தப் பஞ்சாமிர்தத்தை என் வீட்டுக்காரி கையில் கொடுத்து, "நல்ல தரிசனம்" என்றேன்.

இரண்டாம் நாள் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். முருகன் மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். நான் உன்னை மன்னிக்கவில்லை. அந்தப் பேத்தி இப்போது என் தோள் உயரம்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உன் பெட்டிக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம் வரைக்கும் வந்தேன். கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. அன்றைக்கும் எனக்குள் ஒரு மூலையில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு, 'கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளாமலே போய்விட்டான் பார்' என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரி சொன்னதையும் நான் உடனே நம்பவில்லை. என் குணம் உனக்குத் தெரியும். அவளைக் கேட்டுக் கேட்டு மல்லி, மிளகாய், மிளகு, சீரகம், சோம்பு, தேங்காய் எல்லாம் வறுத்து அரைத்தேன். கல்பாசியை மட்டும் சேர்க்கவில்லை. ஊறிய மொச்சையைக் குக்கரில் வேகவைத்து, சின்ன வெங்காயம் தக்காளி வதக்கி, குழம்பைக் கூட்டினேன். பிறகு அதை இரண்டு சட்டியில் பாதிப் பாதியாக ஊற்றினேன்.

"ரெண்டு பேருக்கு எதுக்கு ரெண்டு சட்டி?" என்றாள்.

"ஒரு விசாரணை நடக்குது. நீ பேசாம இரு."

ஒரு சட்டியில் மட்டும் இரண்டு துண்டு கல்பாசியை எண்ணெயில் பொரித்துப் போட்டேன். கொதி வந்ததும் இரண்டையும் முகர்ந்தேன். ஒன்று மொச்சைக் குழம்பு. நல்ல மொச்சைக் குழம்பு, குறை இல்லை. இன்னொன்று உன் தூக்குவாளி. கரண்டியை விட்டுக் கலக்கினேன். மேலே வந்தது அது. கறுப்பாக, ஓரம் சுருண்டு, வழுவழுவென்று. குடல் தோல் மாதிரி. விரலில் எடுத்தேன். என் விரலுக்கு அது ஞாபகம் இருந்தது.

"என்னங்க, கண்ணு கலங்குது?"

"மிளகாய் நெடி."

"மிளகாய் எப்பவோ அரைச்சாச்சு" என்றாள்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டகை, நாய், அடிவாரம், முதல் படி எல்லாம்.  முடித்ததும் அவள் முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"அப்ப அந்தப் பஞ்சாமிர்தம்?"

"கடையில வாங்குனது."

"அடப்பாவி மனுசா! மலைமேல சாமி பாதத்துல வச்சு எடுத்ததுன்னு சொல்லி அந்தத் திருப்பூரு ஆஸ்பத்திரி பூராவும் ஆளுக்குக் கொஞ்சம் குடுத்தேனே! நர்சம்மாவுக்குக்கூடக் குடுத்தேன்!" மாவுக்கட்டுக் கையை என்னைப் பார்த்து ஆட்டினாள். "அந்த அண்ணன் உங்கள ஏமாத்தல. நீங்கதான் என்னைய ஏமாத்தியிருக்கீக. இன்னும் என்னென்ன இருக்கு, இப்பவே சொல்லிருங்க."

அன்று பகல் முழுவதும் நான் நீட்டிய தண்ணீரைக்கூட அவள் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். சந்தேகப்படுகிறவனாகவே இருந்துவிட்டேன். சந்தேகிக்கப்படுகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு பகலில் தெரிந்துகொண்டேன். நீ பதினாறு வருஷம் அப்படி இருந்திருக்கிறாய். தினம் ஒரே பஸ்ஸில், பிறகு ஒரே தெருவில்.

சாயந்தரம் அவளே சொன்னாள். "அந்தச் சட்டியக் கொண்டுபோய் அக்காகிட்டக் குடுத்துட்டு வாங்க."

உன் வீட்டம்மா இப்போது தனியாகத்தான் இருக்கிறாள். எதிரே பார்த்தால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். மூடி போட்ட கிண்ணத்தோடு போய் வாசலில் நின்றேன். இதுவும் தவக்காலம்தான் என்று அவள் வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"தங்கச்சி, மொச்சைக் குழம்பு. நானே வச்சேன்."

அவள் வாங்கினாள். மூடியைத் திறந்தாள். முகர்ந்தாள். என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். முகத்தில் ஒரு அசைவு இல்லை.

"அண்ணே, தவக்காலம்ண்ணே. கறி வாசம் அடிக்குதே."

இரண்டு கையையும் கூப்பினேன். "இல்ல தாயி, சத்தியமாக் கறி இல்ல. அது கல்பாசி. பாறையில வளருறது. மலையில இருந்து..."

அதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் சிரிப்பு. எத்தனை வருஷம் கூட இருந்தாளோ, அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இம்புட்டு வருசம் ஆச்சாண்ணே அதைக் கண்டுபிடிக்க? பேகம்பூர்ல ஒரு பாய் மளிகைக் கடைதான். அங்கதான் கல்பாசி நல்லா இருக்கும்னு சைக்கிள மிதிச்சுக்கிட்டுப் போவாரு. அவுக எதை வாங்குனாலும் கறுப்புக் கவர்லதான் போட்டுக் குடுப்பாக. உங்களுக்கு மறுநாள் ஒரு புதுக் குழம்பு வைக்கப்போறேன்னு அன்னைக்குச் சின்னப்பிள்ள மாதிரி சந்தோசமா வந்தாரு."

அதனால்தான் நீ நிற்காமல் போனாய். என்னிடம் சொல்லிவிடுவோமோ என்று பயந்து போயிருக்கிறாய்.

நான் அங்கேயே நின்று மன்னிப்புக் கேட்டேன். அவளிடமா, சுவரில் மாட்டியிருந்த உன் படத்திடமா என்று தெரியவில்லை. அவள் ஒரு விரலால் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அவரு போடுறதுல ஒண்ணு குறையுது."

"என்ன குறையுது?"

"அதை உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டாள்.

அதோடு என் நிம்மதி போயிற்று. போன வியாழக்கிழமை கசகசா சேர்த்துக் கொண்டுபோனேன். தலையை ஆட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அரிசியை வறுத்துப் பொடித்துப் போட்டேன். "இல்லண்ணே." இன்று நிலக்கடலை. முகர்ந்தவுடனேயே, "கிட்ட வந்துட்டீக, ஆனா இல்ல" என்றாள். என் வீட்டுக்காரியிடம் கேட்டால், "எனக்கென்ன தெரியும்?" என்று மறுபக்கம் திரும்பிக்கொள்கிறாள். அந்தத் திரும்பலும் எனக்குச் சரியாகப் படவில்லை.

உத்திரம் நெருங்குகிறது. நடக்கக் கால் இல்லை, பஸ்ஸில் போவேன். ஏற மூச்சு இல்லை, மலைமேல் இழுத்துப்போகிற விஞ்சு வண்டியில் போவேன். ஆனால் முதல் படியை ஒரு தடவை காலால் மிதித்துவிட்டுத்தான் விஞ்சுக்குப் போவேன். சட்டைப் பையில் ஒரு துண்டு கல்பாசி இருக்கிறது. அதைச் சுற்றிய தாளில் அதன் பெயரை நானே எழுதியிருக்கிறேன். யாராவது ஒன்றைச் சொல்லி எனக்கு நம்பிக்கை வராதபோது அதை எடுத்து ஒரு தடவை முகர்ந்துகொள்கிறேன்.

இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. குறைவது என்று எதுவுமே இல்லையோ? நான் கிண்ணத்தோடு அந்த வாசலுக்குப் போய்க்கொண்டே இருக்கவேண்டும் என்று உன் வீட்டம்மாவும் என் வீட்டுக்காரியும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்ட வேலையோ? இல்லை, போவதற்கு முன் நீயே சொல்லிவைத்ததோ? விசாரித்தால் அரை நாளில் கண்டுபிடித்துவிடுவேன்.

விசாரிக்கப் போவதில்லை, மாப்பிள்ளை. இந்த ஒரு சந்தேகம் என்னிடமே இருக்கட்டும். நாளைக்கு மொச்சை ஊறப்போட்டிருக்கிறேன்.